திரும்பி வரும் சுமை

பயணத்திற்கு மூட்டை கட்டுவது எளிய செயல் என்றே பலரும் கருதுவர். வேண்டிய பொருள்களைக் கணக்கிட்டுப் பையில் அடுக்கி, அதன் வாயைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆயினும், எல்லாப் பயணங்களின் மூட்டையும் அத்தகையதன்று. புறப்படுபவர் எதற்குத் துணிந்திருக்கிறார், எதற்குப் பொறுப்பேற்றிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லும் மூட்டைகளும் உண்டு. வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் எல்க் வேட்டைக்குச் செல்வோர் கட்டும் மூட்டை அவ்வகையைச் சார்ந்தது.

எல்க் என்பது மானினத்தைச் சேர்ந்த ஒரு பெரிய விலங்கு. ஐரோப்பியர் இதே பெயரால் வேறொரு விலங்கைக் குறிப்பர். அதனை அமெரிக்கர் மூஸ் என்பர். குழப்பம் நேராதிருக்க, அமெரிக்க எல்க்கைச் சிலர் வாப்பிட்டி என்றே அழைக்கின்றனர். வெண்ணிறப் பின்புறம் உடையது என்னும் பொருள்பட ஷானி என்னும் பழங்குடியினர் வழங்கிய பெயர் அது. மலேசியக் காடுகளில் வாழும் கடமானை அறிந்தவர்கள், அதனினும் பெரிய ஓர் உடலை மனத்தில் எண்ணிக்கொள்ள வேண்டும். நன்கு வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோகிராம் எடைக்கு மேலும் இருக்கும். ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும் அதன் கொம்புகள் இரண்டும் சேர்ந்தே 18 கிலோகிராம் வரை எடையுள்ளனவாக அமைவதுண்டு. செப்டம்பர் மாதத்தில், இணைசேரும் பருவத்தில், ஆண் எல்க் எழுப்பும் நீண்ட குரல் குழலோசைபோல் மலைச்சரிவுகளில் எதிரொலிக்கும். அந்தப் பருவமும், அதனையடுத்து வரும் இலையுதிர்காலமுமே வேட்டைக்குரிய காலங்கள்.

கொலராடோ, வயோமிங், மொன்டானா, ஐடஹோ ஆகிய மாநிலங்கள் இவ்வேட்டைக்குப் பெயர்பெற்றவை. அவற்றுள் எல்க் மிகுதியாக வாழ்வது கொலராடோவில். கடல்மட்டத்திற்கு மேல் 2,500 மீட்டர் முதல் 3,500 மீட்டர் வரையிலான மலைக்காடுகளில் வேட்டைக்காரர் நடமாட வேண்டியிருக்கும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஏழு பங்குதான், பத்துப் பங்குக்கு. சமவெளியிலிருந்து வருபவருக்கு முதல் நாள் தலைவலியும் மூச்சிரைப்பும் உண்டாவது இயல்பு. அத்தகைய இடத்தில் முதுகில் ஏற்றும் ஒவ்வொரு கிலோகிராமும் தன் எடையைக் காட்டிலும் கூடுதலாகவே உணரப்படும். எனவே, எதனை எடுப்பது என்பதைவிட எதனை விடுப்பது என்பதே அங்கு முதல் வினாவாகிறது.

விட முடியாத பொருள்களில் முதலாவது ஒரு தாள். உரிமச் சீட்டு இல்லாமல் அமெரிக்க மாநிலங்களில் எல்க் வேட்டை கிடையாது. இன்ன பகுதியில், இன்ன நாள்களுக்குள், ஆணையோ பெண்ணையோ ஒன்றை மட்டும் கொல்லலாம் என்பதை அச்சீட்டு வரையறுக்கிறது. 1949ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலோ அதன் பின்னரோ பிறந்தவராயின், வேட்டைக் கல்வி வகுப்பில் தேறியிருந்தாலன்றிக் கொலராடோவில் உரிமம் பெற இயலாது. விலங்கு வீழ்ந்ததும் சீட்டின் ஒரு பகுதியை அதனுடலோடு இணைத்துவிட வேண்டும். துப்பாக்கியை மறந்தவர் வேட்டையை இழப்பார். சீட்டை மறந்தவரோ குற்றவாளியாவார்.

அடுத்தது உடை. துப்பாக்கி வேட்டைக் காலத்தில் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் நிறத்தை 500 சதுர அங்குல அளவிற்காவது உடலின் மேற்பாகத்தில் அணிய வேண்டும் எனவும், தலையிலும் அந்நிறம் இருக்க வேண்டும் எனவும் கொலராடோ சட்டம் கூறுகிறது. 2016ஆம் ஆண்டுமுதல் அதே அளவு ஒளிரும் இளஞ்சிவப்பு நிறத்திற்கும் இசைவு உண்டு. மறைந்திருந்து வேட்டையாடச் செல்பவர் இத்தகைய நிறத்தை அணிவது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால், மானினத்தின் கண்ணுக்குச் சிவப்பு நிறத்தைப் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. மனிதருக்குத் தீப்போல் தெரியும் அந்நிறம் எல்க்கின் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும். ஒரு வேட்டைக்காரர் இன்னொருவரின் குண்டுக்கு இரையாகாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

நிறத்தைக் காட்டிலும் துணி முக்கியம். வெப்ப நாட்டாருக்கு உற்ற தோழனாகிய பருத்தி, அம்மலைகளில் பகைவனாக மாறிவிடுகிறது. வியர்வையையோ மழையையோ உறிஞ்சிய பருத்தி எளிதில் உலர்வதில்லை. உடலின் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். ஈரமான பருத்திச் சட்டையோடு குளிர்காற்றில் அகப்பட்டவர்கள், நீர் உறையும் அளவிற்குக் குளிர் இல்லாத நாளிலும் உடல் வெப்பம் குன்றி இறந்ததுண்டு. கம்பளியோ நனைந்த பின்னும் ஓரளவு சூட்டைக் காக்கும். எனவே, உடலையொட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் சூட்டைக் காக்கும் ஓர் அடுக்கு, அதற்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி என மூன்று அடுக்குகளாக உடுத்துவர். மேடேறும்போது ஒன்றைக் கழற்றிப் பைக்குள் வைத்து, ஓரிடத்தில் அமரும்போது மீண்டும் அணிந்துகொள்வர். வியர்க்க விடாமல் நடப்பதே அங்குக் குளிரை வெல்லும் வழி.

காலணியைப் பற்றி அனுபவசாலிகள் வற்புறுத்தும் விதி ஒன்று உண்டு. புதிய காலணியோடு மலை ஏறலாகாது என்பதே அது. பயணத்திற்குப் பல வாரங்கள் முன்னரே அதனை அணிந்து நடந்து, தோலைக் காலுக்குப் பழக்கிவிட வேண்டும். குதிகாலில் எழும் ஒரு சிறு கொப்புளம், பல மாதத் திட்டத்தை இரண்டாம் நாளிலேயே முடித்துவைத்துவிடும்.

துப்பாக்கியைப் பற்றிய பேச்சு வேட்டைக்காரர்களிடையே முடிவின்றி நீள்வது. எல்க் வேட்டைக்குக் குண்டின் விட்டம் 0.24 அங்குலத்திற்குக் குறையக்கூடாது எனவும், அதன் எடை 85 கிரெயினுக்குக் குறையக்கூடாது எனவும் கொலராடோ வரம்பு விதித்திருக்கிறது. 85 கிரெயின் என்பது ஏறத்தாழ ஐந்தரை கிராம். அவ்வரம்பிற்கு மேல் எத்தனையோ வகைகள் உள்ளன. 1906ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் ஏற்றுக்கொண்ட 'தேர்ட்டி ஆட் சிக்ஸ்' என்னும் தோட்டா, நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் இவ்வேட்டையில் பயன்பட்டு வருகிறது. அதனினும் ஆற்றல் மிக்க தோட்டாக்களும் சந்தையில் உண்டு. ஆனால், ஆற்றல் மிகுந்தால் தோளில் அது கொடுக்கும் உதையும் மிகும். உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடிச் சுடுபவரின் பெருந்துப்பாக்கியைவிட, பழகிய கையிலுள்ள எளிய துப்பாக்கியே விலங்குக்கு இரக்கம் செய்யும். காயம்பட்டு ஓடிய எல்க் யாருக்கும் பயன்படாமல் எங்கோ ஒரு பள்ளத்தாக்கில் துன்புற்று இறக்கும். ஆகவே, குறி பார்த்துப் பழகிய நாள்களையே மூட்டையில் முதலாவதாக வைக்க வேண்டும் என்பர் மூத்தோர்.

துப்பாக்கியைவிட மிகுதியாகக் கையில் இருப்பது தொலைநோக்கி. ஒரு நாளின் பெரும்பகுதி எதிர்ச்சரிவை நோக்கி அமர்ந்திருப்பதிலேயே கழியும். விரலளவே உள்ள இன்னொரு பொருளும் தவறாமல் இடம்பெறுகிறது: மெல்லிய பொடி நிரப்பிய ஒரு சிறு புட்டி. அதனை அழுத்தினால் எழும் துகள்கள் காற்றின் போக்கைக் காட்டும். விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவின் கீழ்நோக்கி இறங்கும். வெயில் ஏறிய பின் சூடான காற்று மேல்நோக்கி எழும். எல்க்கின் மோப்ப ஆற்றல் மிகக் கூர்மையானது. பிற கருவிகள் எத்தனை இருந்தாலும், காற்று தவறிய திசையில் வீசினால் அவை யாவும் வீணே.

இனி, உயிர் காக்கும் பொருள்கள். நிலப்படம், திசைகாட்டி, நெருப்பு மூட்டும் பொருள்கள் இரண்டு வகை, நீரைத் தூய்மையாக்கும் வடிகட்டி, காயத்திற்குக் கட்டும் துணி, நெற்றியில் கட்டும் மின்விளக்கு, அதற்கு மாற்று மின்கலங்கள் ஆகியவை இவ்வகையில் அடங்கும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியை இந்நாளில் பலர் உடன் கொண்டுசெல்கின்றனர். வயோமிங், மொன்டானா, ஐடஹோ மாநிலங்களின் சில பகுதிகளில் கிரிஸ்லி என்னும் பெருங்கரடி வாழ்கிறது. அங்கே செல்பவர்கள் கரடியை விரட்டும் மிளகாய்க் கார நீர்த் தெளிப்பானையும் எடுத்துச் செல்வர். அதனைப் பைக்குள் வைப்பதனால் பயனில்லை. இடுப்பு வாரில், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கரடி வரும்போது பையைத் திறக்க நேரம் இராது.

இதுவரை கூறிய யாவும் மலைக்குப் போவதற்கும், அங்கே இருப்பதற்கும், குறி தவறாமல் சுடுவதற்கும் உரியவை. முதன்முறை செல்பவர் பலரும் இத்துடன் மூட்டையைக் கட்டிவிடுவர். ஆனால், வேட்டையின் பெரும்பகுதி குண்டு வெடித்த பின்னரே தொடங்குகிறது.

வீழ்ந்த ஆண் எல்க் ஒன்றிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சி ஏறத்தாழ 100 கிலோகிராம் கிடைக்கும் எனக் கொள்வோம். வண்டி நிற்கும் சாலை அவ்விடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவு என்க. மலைப்பாதையில் ஒருவர் ஒரு தடவைக்கு 25 கிலோகிராம் சுமக்க வல்லவராயின் நான்கு தடவை சுமக்க வேண்டும். சுமையோடு நான்கு முறை வருவதற்கு இடையில் வெறும் பையோடு மூன்று முறை திரும்பிச் செல்ல வேண்டும். ஆக ஏழு நடைகள், 35 கிலோமீட்டர். கொம்பையும் கூடாரத்தையும் இக்கணக்கில் சேர்க்கவில்லை. தனியே செல்பவருக்கு அது இரண்டு நாள் வேலை. இன்னும் ஐந்து கிலோமீட்டர் உள்ளே சென்றிருந்தால் கணக்கு இரட்டிப்பாகும்.

வண்டியைக் கிட்டே கொண்டுவரலாமே என்று கேட்கத் தோன்றும். 1964ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம், வனாந்தரம் என ஒதுக்கப்பட்ட பகுதிகளில் இயந்திர ஊர்திகளைத் தடை செய்கிறது. மிதிவண்டிக்கும் கைவண்டிக்கும்கூட அங்கு இடமில்லை. மனிதர் முதுகும் விலங்கின் முதுகுமே சுமை தூக்கும் வழிகள். கோவேறு கழுதைகளையும் குதிரைகளையும் வைத்திருப்பவர்கள் இரு பக்கமும் ஒத்த எடையாக நிறுத்துக் கட்டுவர். ஒரு பக்கம் சற்றே கூடினாலும் சேணம் சரிந்து விலங்கின் முதுகு புண்ணாகிவிடும்.

காலமும் எதிராக நிற்கிறது. எல்க்கின் தோல் தடிப்பானது, மயிர் அடர்த்தியானது. உயிர் பிரிந்த பின்னும் உடலின் சூடு எளிதில் வெளியேறாது. இரவு உறைபனி விழுந்தாலும், தோல் உரிக்காமல் விட்ட உடலில் தொடையெலும்பை ஒட்டிய இறைச்சி கெட்டுவிடும். ஆதலின், இருட்டிவிட்டாலும் வேலையை மறுநாளுக்குத் தள்ள முடியாது. தோலை உரித்து, நான்கு கால்களையும் முதுகுத் தசைகளையும் பிரித்தெடுத்து, காற்றுப் புகும் துணிப் பைகளில் இட்டு, நிழலில் கட்டித் தொங்கவிட வேண்டும். துணிப்பை ஈக்களையும் மண்ணையும் தடுக்கும்; சூட்டை வெளியேற விடும். பிளாஸ்டிக் பையில் இட்டால் சூடும் ஈரமும் உள்ளேயே தங்கி இறைச்சியைக் கெடுத்துவிடும். ஆகவே கூரிய கத்தி, சாணைக்கல், ஐந்தாறு துணிப் பைகள், கயிறு, கையுறை, இரண்டாவது மின்விளக்கு ஆகியவை மூட்டையில் இருந்தே தீர வேண்டும்.

கையுறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1967ஆம் ஆண்டில் கொலராடோவின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வளர்க்கப்பட்ட மான்களிடம் முதன்முதலாகக் காணப்பட்ட ஒரு நலிவு நோய், பின்னர்க் காட்டு மான்களிடமும் எல்க்கிடமும் பரவியது. மூளையையும் முதுகுத்தண்டையும் பற்றும் அந்நோயின் காரணியைச் சமையல் சூடு அழிப்பதில்லை. மனிதருக்கு அது தொற்றியதாக உறுதி செய்யப்படவில்லையெனினும், அவ்வுறுப்புகளைத் தொடாதிருக்கவும், இறைச்சியைச் சோதித்த பின் உண்ணவும் அறிவுறுத்துகின்றனர்.

இறைச்சிக்காக இத்துணைப் பாடுபட வேண்டுமா என்னும் வினாவுக்கு வரலாறு விடை கூறுகிறது. 1805ஆம் ஆண்டின் இறுதியில் லூயிஸ், கிளார்க் என்னும் இரு தலைவர்களின் குழு, அமெரிக்கக் கண்டத்தைக் கடந்து பசிபிக் கரையை அடைந்து, கிளாட்சாப் என்னும் சிறு கோட்டையில் குளிர்காலத்தைக் கழித்தது. எல்க்கே அவர்களுக்கு உணவு. அதன் தோலே உடையும் காலணியும். அம்மாதங்களில் 130க்கும் மேற்பட்ட எல்க்குகளை அவர்கள் கொன்றனர். ஆனால், மழை பெய்யாத நாள்கள் அங்கு மிகச் சில. கொன்ற இடத்திலிருந்து இறைச்சியைச் சுமந்து வருவதற்குள் பலமுறை அது கெட்டது. கெடாமல் காக்கவும் சுவை கூட்டவும் உப்பு இல்லாமையால், சிலரைக் கடற்கரைக்கு அனுப்பி நாள்தோறும் கடல்நீரைக் காய்ச்ச வைத்தனர். துப்பாக்கிக்குக் குறைவில்லாத குழு, உப்புக்காக அடுப்பு மூட்டி அமர்ந்திருந்தது.

அடுத்த நூறு ஆண்டுகளில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சி அரங்கேறியது. எல்க்கின் மேல்தாடையில் தந்தம் போன்ற இரண்டு பற்கள் உண்டு. கிரோ பழங்குடி மகளிர் அப்பற்களைத் தம் உடையில் வரிசையாகத் தைத்து அணிவர். பற்களுக்குரிய விலங்கோ முன்னரே அவர்தம் மக்களுக்கு உணவாகியிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கைக்கடிகாரம் வருவதற்கு முன், நகரத்து ஆடவர் தம் சட்டைப்பைக் கடிகாரச் சங்கிலியில் அப்பற்களை அணிகலனாகத் தொங்கவிடத் தொடங்கினர். விலை ஏறியது. இரண்டு பற்களுக்காக எல்க்கைக் கொன்று, உடலை அங்கேயே விட்டுச் செல்லும் கூட்டம் தோன்றியது. அவர்களுக்குப் பெரிய பை தேவைப்படவில்லை, சட்டைப்பையே போதுமாயிருந்தது. இறைச்சி வணிகமும் தோல் வணிகமும் மேய்ச்சல் நில இழப்பும் அதனோடு சேர்ந்தன. கிழக்கு மாநிலங்களில் எல்க் அடியோடு மறைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்கா முழுவதிலும் ஒரு லட்சத்திற்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது.

அதன் பின்னரே சட்டம் கண் விழித்தது. சட்டத்திற்கு மாறாகக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசென்று விற்பதை 1900ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. 1912ஆம் ஆண்டில் வயோமிங்கில் எல்க்குகளுக்கெனத் தேசியப் புகலிடம் அமைந்தது. 1913ஆம் ஆண்டில் யெல்லோஸ்டோனிலிருந்து பென்சில்வேனியாவுக்கு எல்க்குகள் தொடர்வண்டியில் அனுப்பப்பட்டன. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரி வனவிலங்குப் பாதுகாப்பிற்கே செல்ல வேண்டும் என 1937ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. இன்று எல்க்கின் தொகை ஏறத்தாழப் பத்து லட்சம். கொன்ற விலங்கின் உண்ணத்தக்க இறைச்சியை வீணே விட்டுச் செல்வது, எல்க் வாழும் மேற்கு மாநிலங்களில் தண்டனைக்குரிய குற்றம்.

இப்பின்னணியில் நோக்கும்போது, வேட்டைக்காரரின் மூட்டையில் மிக முக்கியமான பகுதி அதிலுள்ள வெற்றிடம் என்பது விளங்கும். சட்டம் வைத்த பெரிய முதுகுப்பையின் நடுவே இறைச்சிக்கென ஒரு தட்டு இருக்கும். புறப்படும் நாளில் அதில் எதனையும் வைக்கலாகாது. கூடுதல் போர்வை ஒன்று, இன்னொரு மாற்றுடை, விருப்பமான தின்பண்டம் என அவ்விடத்தை நிரப்பிவிட ஆசை எழும். நிரப்பிவிட்டால், கொன்றதற்குரிய கடனைத் தீர்க்க இடம் இருக்காது.

மாலை மங்கும் வேளையில், ஆழ்ந்த பள்ளத்தாக்கின் அடியில் ஓர் ஆண் எல்க் வந்து நிற்கிறது என்று கொள்வோம். தொலைவு சரியாக உள்ளது. காற்றும் சாதகமாக உள்ளது. உரிமமும் கையில் இருக்கிறது. ஆயினும் அங்கிருந்து அதனை மேலே சுமந்து வர இயலுமா என்பதை அந்தக் கணத்தில் கணக்கிட மனம் இணங்காது. ஆசையே முந்தி நிற்கும். கணக்கு முன்னரே வீட்டில் முடிந்திருக்க வேண்டும். தன் முதுகு எவ்வளவு தாங்கும், துணைக்கு எத்தனை பேர் உள்ளனர், இறைச்சி கெடுவதற்குள் எத்தனை கிலோமீட்டர் நடக்கலாம் என்பவற்றை எண்ணி மூட்டை கட்டியவர், அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பில் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொள்வார். அவ்வாறு தாழ்த்திய துப்பாக்கியைப் பற்றி எந்தப் படமும் எடுக்கப்படுவதில்லை. எந்தச் சுவரிலும் கொம்பு மாட்டப்படுவதில்லை.

எல்க் வேட்டைக்குச் செல்வோரில் பெரும்பாலோர் அவ்வாண்டில் ஒன்றும் கிடைக்காமலே வீடு திரும்புகின்றனர். ஐந்து நாள்கள் மலையேறி, குளிரில் விழித்திருந்து, கொண்டுசென்ற துணிப் பைகளை மடிப்புக் கலையாமல் திரும்பக் கொண்டுவருவர். அடுத்த ஆண்டும் அதே பைகளை அதே இடத்தில் வைத்து, அதே வெற்றிடத்தை விட்டு மூட்டை கட்டுவர்.

ஓர் உயிரை எடுக்கலாமா கூடாதா என்பதில் கருத்து வேறுபாடு என்றும் இருக்கும். கொல்லாமையை அறமாகப் போற்றும் மரபில் வந்தோர்க்கு இவ்வேட்டை உடன்பாடாகாமல் போகலாம். எனினும், எடுப்பதற்கு முன்னரே அதன் பாரத்தை எடை போட்டு, அதற்குத் தன் முதுகில் இடம் ஒதுக்கி வைப்பவரும், இரண்டு பற்களோடு நடையைக் கட்டியவரும் ஒருவராகார். அந்த வேறுபாடு மலையில் தோன்றுவதன்று. வீட்டில், தரையில் பொருள்களைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் அந்த மாலைப்பொழுதிலேயே தோன்றிவிடுகிறது.